விமான நிலையமும் வட்டார வாழ்வும்

விக்கிரவாண்டி விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளதோர் ஊர். சென்னையினின்றும் தெற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையும் இருப்புப்பாதையும் இவ்வூரின் வழியே செல்கின்றன. திண்டிவனத்தைக் கடந்து வரும் சாலை இவ்விடத்தில் இரண்டாகப் பிரிகின்றது. ஒன்று விழுப்புரம் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும். மற்றொன்று பண்ணுருட்டி, நெய்வேலி, கும்பகோணம் ஆகிய ஊர்களின் வழியே தஞ்சைக்குச் செல்லும். பெட்டியும் மூட்டையும் ஏற்றிய வாடகைக் கார்கள் நள்ளிரவில் சென்னை மீனம்பாக்கம் நோக்கி விரைதல் இச்சாலையில் நாள்தோறும் காணத்தக்க காட்சியாகும். சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைப்பை நாடிச் செல்வார் அவற்றுள் இருப்பர். அவரை வழியனுப்பச் செல்லும் பெற்றோரும் மனைவி மக்களும் உடனிருப்பர். ஏறத்தாழ 130 கிலோமீட்டர் சென்ற பின்னரே அவர்கள் விமான நிலையத்தின் வாயிலைக் காண்பர்.

இத்தகைய வட்டாரத்திற்கு அணித்தே ஒரு விமான நிலையம் இருப்பின் விளையும் பயன் யாது? வானில் பறப்பார் சிலர். நிலத்தில் நின்று உழைப்பார் பலர். பலருடைய வரிப்பணத்தையும் நிலத்தையும் சிலருடைய விரைவுக்காகச் செலவிடுதல் முறையாகுமா? இவ்வினா புறக்கணிக்கத்தக்கது அன்று. இதற்கு விடை காண, முதற்கண் இவ்வட்டாரத்தின் பழைய வரலாற்றை நோக்குதல் நலம்.

சிறுபாணாற்றுப்படையின் தலைவனாகிய நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மாநாடு, திண்டிவனத்தைச் சூழ்ந்த இந்நிலப்பகுதியே ஆகும். அவனுடைய கிடங்கில் என்னும் ஊர் இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதியாக விளங்குகின்றது. அந்நூல் கூறும் எயிற்பட்டினம் இந்நாளைய மரக்காணம் என்பர் அறிஞர். அதற்குத் தெற்கே, புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டு நிகழ்ந்த அகழ்வாய்வில், உரோம நாட்டு மட்கலங்களும் மதுச்சாடிகளும் வெளிப்பட்டன. அக்காலத்தில் கப்பலேறிக் கடல் கடந்தவர் மிகச் சிலரே. எனினும், மணிகளைத் துளையிட்ட கைவினைஞரும், ஆடை நெய்தவரும், சரக்கை வண்டியில் ஏற்றி வந்தவரும், வந்தார்க்கு உணவு சமைத்தவரும் அத்துறைமுகத்தால் வாழ்ந்தனர். கப்பலில் கால் வைத்தறியாதவரும் துறைமுகத்தின் பயனை நுகர்ந்தனர். விமான நிலையமும் ஒரு துறைமுகமே. அதன் மதிப்பை, விமானத்தில் ஏறாதவர் அதனால் எய்தும் நன்மையைக் கொண்டே அளத்தல் வேண்டும்.

இந்திய நாட்டில் 1932-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் டாட்டா நிறுவனத்தார் கராச்சியினின்றும் பம்பாய் வழியாகச் சென்னைக்கு விமானம் செலுத்தினர். அவ்விமானம் முதன்மையாகச் சுமந்து வந்தவை அஞ்சற் பைகளே. அதன் பயன் விமானத்தைக் கண்ணாலும் காணாத பல இல்லங்களுக்குக் கடித வடிவிற் சென்று சேர்ந்தது. பின்னர் இரண்டாம் உலகப் போர் மூண்டது. சோழவரம், உளுந்தூர்ப்பேட்டை, கயத்தாறு முதலிய இடங்களில் போர் விமானங்களுக்காக ஓடுபாதைகள் அமைக்கப்பட்டன. போர் முடிந்ததும் அவற்றின் வேலையும் முடிந்தது. சோழவரத்து ஓடுபாதை பிற்காலத்தில் கார்ப் பந்தயத்திடலாயிற்று. மக்களின் தேவையோடும் வாணிகத்தோடும் இணையாத ஓடுபாதை வெறும் கல்லும் தாருமே என்பதற்கு இவை சான்றாகும்.

விக்கிரவாண்டிக்கு மிக அணித்தாகிய விமான நிலையம் புதுச்சேரி இலாசுப்பேட்டையில் உள்ளது. சாலை வழியே இவ்விரண்டு இடங்களுக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 40 கிலோமீட்டரே. ஆயினும் அதன் வரலாறு ஏற்றமும் இறக்கமும் உடையது. 2013 ஜனவரியில் அங்கிருந்து பெங்களூருக்கு விமானம் சென்றது. அடுத்த ஆண்டே நின்றது. 2015-இல் வேறொரு நிறுவனம் முயன்றது, அவ்வாண்டிலேயே கைவிட்டது. 2017 ஆகஸ்டில் ஐதராபாத்துக்குச் சேவை தொடங்கிற்று. அது 2024-இல் நின்றுபோக, அவ்வாண்டு டிசம்பரில் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் மீண்டும் விமானங்கள் செல்லலாயின.

இவ்வாறு நின்றும் தொடங்கியும் வருவதற்குக் காரணம் உண்டு. இலாசுப்பேட்டை ஓடுபாதையின் நீளம் ஏறத்தாழ 1,500 மீட்டர். ஏறத்தாழ 70 பேரை ஏற்றும் விசிறி விமானங்களுக்கு அது போதும். பெரிய விமானங்கள் அங்கு இறங்குதல் அரிது. விமானம் சிறிதாயின், எரிபொருள், பணியாளர், பழுதுபார்ப்பு ஆகிய செலவுகள் சிலர் தலையிலேயே விழும். இருக்கைகள் நிறையாவிடின் நட்டம் நேரும்; கட்டணத்தை உயர்த்தினால் பயணிகள் பேருந்தையும் புகைவண்டியையும் நாடுவர். இச்சிக்கலை நீக்கவே இந்திய அரசு 2016-ஆம் ஆண்டு ‘உடான்’ என்னும் திட்டத்தை வகுத்தது. இத்திட்டத்தின்படி, சிற்றூர்களை இணைக்கும் விமானத்தில் ஏறத்தாழப் பாதி இருக்கைகளுக்குக் கட்டண வரம்பு உண்டு. ஒரு மணி நேரப் பயணத்திற்கு 2,500 ரூபாய் என அது தொடக்கத்தில் வகுக்கப்பட்டது. அதனால் நிறுவனத்துக்கு நேரும் குறையை ஈடுசெய்ய, பெருவழிகளில் பறக்கும் விமானங்களின்மீது ஒரு சிறு தொகை தண்டப்படுகின்றது. மாநில அரசும் பங்கு தருகின்றது. பெருநகரத்துப் பயணி சிறுநகரத்துப் பயணிக்குக் கைகொடுப்பதாகிய ஏற்பாடு இது.

எனினும் உதவி மட்டும் போதாது. சேலத்தில் 2018-இல் இத்திட்டத்தின்கீழ்த் தொடங்கிய விமானப் போக்குவரவு 2021-இல் நின்று, 2023 அக்டோபரில் மீண்டும் உயிர்பெற்றது. நாள் தவறாது, நேரம் தவறாது ஊர்தி வரும் என்னும் நம்பிக்கை பிறந்தாலன்றி, வணிகர் தம் தொழிலை அதனை நம்பி அமைக்கமாட்டார். சந்தை ஒரு வாரம் கூடி மறுவாரம் கூடாதாயின், அங்கே சரக்குக் கொணர்வார் யாவர்?

இனி, பொருளாதாரப் பயனை நோக்குவோர், எல்லாப் பொருளும் வானில் ஏறும் என்று மயங்குதல் கூடாது. திண்டிவனம் நிலக்கடலைக்குப் பெயர்பெற்றது. அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் கண்ட வகைகள் அவ்வூர்ப் பெயரைக் குறிக்கும் ‘டி.எம்.வி.’ என்னும் எழுத்துகளோடு வழங்குகின்றன. ஆயினும் நிலக்கடலை மூட்டையும் நெல்லும் கரும்பும் விமானத்தில் செல்லா; எடை மிகுந்து விலை குறைந்த பொருள்களுக்குச் சரக்குந்தும் புகைவண்டியுமே ஏற்றன. விரைவில் வாடுவனவும், சிறிய அளவில் பெருவிலை பெறுவனவும், காலந்தாழ்த்தின் பயன்படாது போவனவுமே வான்வழிக்கு உரியவை. பூக்கள், காய்கறிகள், மருந்துகள், பொறிகளின் நுண்ணிய உறுப்புகள் ஆகியவை அத்தகையன. திருச்சிராப்பள்ளி விமான நிலையத்திலிருந்து காய்கறிகளும் பூக்களும் வெளிநாடுகளுக்குச் செல்வது இதற்கு எடுத்துக்காட்டு. காலையிற் பறித்த பூ அந்நாளிலேயே தொலைவிலுள்ள சந்தையை எட்டுமாயின், உழவர் உள்ளூர் விலைக்கு மட்டும் கட்டுப்பட்டு நிற்கவேண்டுவதில்லை. ஆனால் அதற்குக் குளிர்ச்சாதனக் கிடங்கும், சரக்கைப் பிரித்து அடுக்கும் கூடமும், சிற்றூரினின்றும் அங்குச் செல்லும் நல்ல சாலையும் வேண்டும்.

வருவார் தொகை பெருகுதல் மற்றொரு பயன். செஞ்சிக்கோட்டை 2025 ஜூலையில் உலக மரபுச் சின்னங்களின் வரிசையில் இடம்பெற்றது. மராட்டியர் காலத்துக் கோட்டைகள் பன்னிரண்டனுள், தமிழ்நாட்டில் உள்ளது அஃது ஒன்றே. மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த மண்டகப்பட்டுக் குகைக்கோயிலும், மரங்கள் கல்லாகிக் கிடக்கும் திருவக்கரையும் இவ்வட்டாரத்திலேயே உள்ளன. இவற்றைக் காண வருவார் ஒரு நாள் தங்கினால், விடுதி நடத்துவோர், உணவு சமைப்போர், ஊர்தி ஓட்டுவோர், வழிகாட்டுவோர் எனப் பலர்க்கு வேலை கிடைக்கும்.

பொருளால் அளக்கவியலாத நன்மைகளும் உள. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் உள்நாட்டுப் போரினால் பல்லாண்டு பொதுமக்களின் பன்னாட்டுப் பயணத்திற்குப் பயன்படாதிருந்தது. அது 2019 அக்டோபரில் பன்னாட்டு நிலையமாகத் திறக்கப்பட்டுச் சென்னையோடு இணைக்கப்பட்டது. இடையில் 2020-இல் நின்ற சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கிற்று. அதற்குமுன் சென்னையினின்றும் யாழ்ப்பாணம் செல்ல விரும்பியவர் கொழும்பில் இறங்கி, அங்கிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் வடக்கே செல்லவேண்டியிருந்தது. உறவினர் திருமணத்திற்கும் முதியோர் நோயுற்றபோதும் நேரே சென்று முகம் காணுதல் சிறு நிலையம் ஒன்றினால் எளிதாயிற்று. வளைகுடா நாட்டில் உழைக்கும் மகனொருவன், தந்தையின் இறுதிச் சடங்கிற்குக் காலத்தில் வந்து சேர்வதற்கும் சேராமற் போவதற்கும் இடையே உள்ளது சில நாழிகையே. அச்சில நாழிகைக்கு விலை கூறுதல் இயலாது. மாற்று உறுப்பை எதிர்நோக்கும் நோயாளிக்கும் அவ்வாறே. கொடையாகப் பெற்ற இதயத்தை ஏறத்தாழ 4 முதல் 6 மணி நேரத்துக்குள் பொருத்தியாக வேண்டும்.

இடுக்கண் வந்த காலத்தில் மாற்றுவழியின் அருமை விளங்கும். 2015 டிசம்பர்ப் பெருவெள்ளத்தில் மீனம்பாக்கம் விமான நிலையம் சில நாள் மூடப்பட்டபோது, அரக்கோணத்துக் கடற்படை விமானத்தளத்தினின்றும் பயணிகள் அனுப்பப்பட்டனர். 2024 நவம்பர் இறுதியில் ‘ஃபெஞ்சல்’ புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பொழிந்தது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்திற்கும் இடையே உள்ள இருப்புப்பாதைப் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் புகைவண்டிகள் நிறுத்தப்பட்டன. விழுப்புரத்தை அடுத்த அரசூரில் நெடுஞ்சாலையும் நீரால் தடைப்பட்டது. இரண்டு வழிகளும் ஒருங்கே அடைபட்ட அந்நாளில் மூன்றாம் வழியின் தேவை யாவர்க்கும் புலனாயிற்று. அப்புயலால் மீனம்பாக்கமும் சில மணி நேரம் மூடப்பட்டமையின், ஒரே நிலையத்தை நம்பியிருத்தலின் குறையும் தெரிந்தது.

அவ்வெள்ளம் மற்றோர் உண்மையையும் உணர்த்திற்று. நீர் தன் வழியை மறவாது. விழுப்புரம் மாவட்டம் ஏரிகளால் வாழும் நாடு. ஏரியையும் வரத்துக்காலையும் அழித்து ஓடுபாதை அமைப்பின், மழைக்காலத்தில் வெள்ளம் ஊர்களுக்குள் புகும். கோடைக்காலத்தில் வயல் வறண்டுபோகும். காஞ்சிபுரத்தை அடுத்த பரந்தூரில் புதிய விமான நிலையம் அமைப்பதாக 2022-இல் அறிவிக்கப்பட்டபோது, ஏகனாபுரம் முதலிய ஊர்களின் மக்கள் தம் நிலமும் ஏரியும் இல்லமும் போகும் என்று எதிர்த்து நின்றனர். ஓர் உழவர்க்கு நிலத்தின் விலையைக் கொடுத்துவிடலாம். அவர் அறிந்த தொழிலையும், அவர் அண்டை வீட்டாரையும், ஊர்ப்பொதுவாகிய குளத்தையும் எங்ஙனம் கொடுப்பது? பயன் பெறுவார் ஒருவராகவும் இழப்பை ஏற்பார் வேறொருவராகவும் இருக்கும் இடத்தில், அவ்விழப்பை முதலில் எண்ணிப் பார்ப்பதே அறம். ஆதலின், புதிய நிலத்தை நாடுமுன் முன்னரே உள்ள ஓடுபாதைகளைச் செம்மைப்படுத்துதல் அறிவுடைமையாகும். தூத்துக்குடியை அடுத்த வாகைக்குளத்தில் 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதை 3,115 மீட்டராக நீட்டப்பட்டு, 2025 ஜூலையில் புதிய முனையமும் திறக்கப்பட்டது. இருக்கும் நிலையத்தை வளர்ப்பதற்கும் நிலம் வேண்டும். எனினும் புதிதாக ஒன்றை எழுப்புவதற்கு வேண்டுவதினும் அது குறைவே.

ஆகவே, விமான நிலையம் ஒரு வட்டாரத்தின் பெருமைச் சின்னம் என்று கொள்ளாது, பொதுமக்களின் கருவி என்று கொள்ளுதல் வேண்டும். கருவி பயன்பட்டாலன்றிச் சிறப்பதில்லை. முண்டியம்பாக்கத்து அரசு மருத்துவக் கல்லூரியின் நோயாளிக்கும், மரக்காணத்து உப்பளத் தொழிலாளிக்கும், திண்டிவனத்து நிலக்கடலை உழவர்க்கும், செஞ்சிக் கோட்டையின் அடிவாரத்தில் இளநீர் விற்பவர்க்கும் அது யாது நன்மை செய்தது என்று ஆண்டுதோறும் வினவுதல் வேண்டும். அவர்கள் மனமொப்பி விடை கூறுவராயின், செலவிட்ட பொருள் வீண்போகவில்லை எனக் கொள்ளலாம்.