பேருக்குத்தான் 5 வோல்ட்

திருவனந்தபுரம் ஸ்ரீவராகம் கோயில் குளத்தை ஒட்டிய சந்தில் வால்வு ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கும் அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். மலையாளத்தில் விலை பேசுவார், தமிழில் திட்டுவார். ரேடியோவில் தொடங்கிய கை. இப்போது தேடி வருவதெல்லாம் கிதார்க்காரர்கள்தான்.

நான் போனபோது மேசையில் ஒரு சிறிய ஆம்ப் திறந்து கிடந்தது. ஒரே ஒரு 6வி6 பவர் வால்வு, ஏசியை டிசியாக்க ஒரு 5ஒய்3 ரெக்டிஃபயர். அந்த 5ஒய்3 தளர்ந்துவிட்டது. தேவாலயத்தில் வாசிக்கும் இளைஞன், 'பழைய சத்தம்' வேண்டும் என்று, அதற்குப் பதிலாக ஜிஇசட்34 வாங்கி வந்திருந்தான்.

"பின் எல்லாம் ஒண்ணுதானே அண்ணாச்சி, மாட்டிக் குடுங்க."

பின் ஒன்றுதான். ஹீட்டர் இழுப்பதும் ஏறக்குறைய அதே 2 ஆம்பியர். ஆனாலும் அவர் மாட்டவில்லை. பிளக்கைப் பிடுங்கி மேசைமேல் கண்ணெதிரே வைத்தார். மீட்டர் வைத்துப் பார்த்தால் கண்டென்சரில் இன்னும் 200 வோல்ட்டுக்கு மேல் நின்றது. 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரை கிளிப்பில் கோத்து இறக்கினார். ஸ்குரூ டிரைவரை வைத்துப் பொறி பறக்கவிடும் மெக்கானிக்குகளை அவருக்கு ஆகாது. வேலை முழுக்க வலது கையில். இடது கை கைலி மடிப்பைவிட்டு வெளியே வரவில்லை. இரண்டு கையும் உள்ளே போனால் கரண்ட் நெஞ்சு வழியாகத்தான் பாயும். மீட்டர் பூஜ்யம் காட்டிய பிறகும் சற்றுப் பொறுத்து மறுபடி அளந்தார். சில வோல்ட் ஏறியிருந்தது. "சுத்தமா விடாது சார், கொஞ்சம் ஒளிச்சு வச்சிருக்கும்."

ரெக்டிஃபயர் ஹீட்டருக்கென்று டிரான்ஸ்பார்மரில் தனியாக ஒரு 5 வோல்ட் சுற்று உண்டு. டிசி வெளியே வருவதும் அந்த ஹீட்டர் பின்னிலேதான். அதனால் சேசிஸிலிருந்து அளந்தால் அந்தச் சுற்று முழுக்க 350, 400 வோல்ட்டில் நிற்கும். "பேருக்குத்தாண்டே 5 வோல்ட்டு. தொட்டுராத மக்கா."

வால்வை அடிப்பகுதியில் பிடித்து, மெல்ல ஆட்டி எடுத்தார். கண்ணாடியைப் பிடித்துத் திருகினால் அது அடியிலிருந்து கழன்றுவிடும். அடியின் நடுவே உள்ள பிளாஸ்டிக் முளை முழுசாக இருக்கிறதா என்றும் பார்த்தார். முளை உடைந்த வால்வை எந்தத் திசையிலும் சொருகலாம், 5 வோல்ட் போக வேண்டிய பின்னில் 300 போய்ச் சேரும். சாக்கெட்டில் பச்சை பூத்திருந்தது. கடல் பக்கம்தான், உப்புக்காற்று எதையும் விடுவதில்லை. சாக்கெட்டை மாற்றியே ஆக வேண்டும் என்று முதலில் அதை மாற்றினார்.

பையனின் ஆசைக்காக ஜிஇசட்34-ஐ ஒரு நிமிடம் ஓட்டிக் காட்டினார். 5ஒய்3 நல்ல நிலையில் இருந்தால் இந்த ஆம்பில் 345 வோல்ட் வரும். இது 375 காட்டியது. 6வி6-இன் கேத்தோடு ரெசிஸ்டரில் அளந்து தாளில் கணக்குப் போட்டார். 12 வாட் தாங்கும் வால்வு கிட்டத்தட்ட 15 வாட் சுமந்துகொண்டிருந்தது. உடனே ஆஃப் செய்தார்.

மற்ற மாற்றுகளில் வேறு ஆபத்து. 5யு4 மாட்டினால் ஹீட்டருக்கே 3 ஆம்பியர், டிரான்ஸ்பார்மர் கருகும். சிலிக்கான் டையோடு போட்டால் வோல்டேஜ் இன்னும் ஏறும், அதுவும் மற்ற வால்வுகள் சூடாகும் முன்பே. ரெக்டிஃபயரை அடுத்து வரும் முதல் கண்டென்சருக்கும் வரம்பு உண்டு. ஜிஇசட்34-க்கே 60 மைக்ரோஃபாரட்தான், 5ஒய்3-க்கு அதைவிடக் குறைவு. ஹம் குறையட்டும் என்று பெரிதாகப் போட்டவர்களின் வால்வுகள் உள்ளேயே பொறி விட்டுச் செத்திருக்கின்றன.

பெங்களூர் பெல் நிறுவனம் 1961-இல் ரேடியோ வால்வுகள் செய்யத் தொடங்கியது. அந்தக் காலம் போய்விட்டது. இன்று கிதார்க்காரர் கைக்கு வருபவை ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனச் சரக்கு. வால்வு எப்படியும் கிடைத்துவிடும், டிரான்ஸ்பார்மர் எரிந்தால் ஆள் தேடி அளவு கொடுத்துச் சுற்ற வேண்டும். அண்ணாச்சியின் கணக்கெல்லாம் அதிலிருந்துதான் தொடங்குகிறது.

இதில் இன்னொன்றும் உண்டு. ஓங்கித் தந்தியை அடித்தால் 5ஒய்3-இல் வோல்டேஜ் சற்றே விழுந்து எழும். சத்தம் அமுங்கி, பிறகு மலரும்; இதுபோல ஒற்றைப் பவர் வால்வு ஆம்பில் அது மெலிதுதான். ஜிஇசட்34 அவ்வளவு வளையாது. பையன் கேட்ட 'பழைய சத்தம்' அவன் கழற்றச் சொன்ன வால்வில்தான் இருந்தது.

அண்ணாச்சி பெட்டியிலிருந்து வேறு ஒரு 5ஒய்3 எடுத்தார். சாக்கெட்டுக்கும் வால்வுக்கும் காசு, ஜிஇசட்34 சோதித்ததற்கு இல்லை. "அதைப் பத்திரமா வச்சுக்கடே, பெரிய ஆம்ப் வாங்குனா ஆகும்."