சபை பாடாத பாட்டு

மிசோரம் தலைநகர் அய்சாலில் ஒரு வீட்டைத் தெருவிலிருந்து பார்த்தால் இரண்டு மாடிதான் தெரியும். மீதி மாடிகள் மலைச்சரிவில் கீழ்நோக்கி இறங்கிப் போகும். அப்படி இறங்கிய ஒரு மாடியில்தான் அந்த ராக் குழுவின் ஒத்திகை அறை. சுவரில் பழைய மெத்தைகள், தரையெங்கும் வயர். ஐந்து பேரும் பிரஸ்பிட்டீரியன் சபையில் ஆராதனைக்கு வாசித்து வளர்ந்தவர்கள். இப்போது காதல், வேலை கிடைக்காத நாட்கள் என்று சொந்தப் பாட்டு எழுதுகிறார்கள்.

சபையோடு சண்டையா என்று கேட்டேன். “ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் சார் இருப்போம். வேறு எங்கே போவது, ஊரே மூடிக்கிடக்குமே!” என்றார் பேஸ் வாசிப்பவர்.

கிதார் இளைஞர் முதலில் ஓர் ஆராதனைப் பாடலை வாசித்துக் காட்டினார். மெட்டு ஒரு ஸ்தாயிக்குள் அடங்கியிருக்கிறது. பாட்டிகளுக்கும் பிள்ளைகளுக்கும் எட்டும் சுருதி. சபை மூச்சு வாங்கும் இடத்தில் கார்டு மாறுகிறது. பல்லவி எத்தனை முறை என்பதைப் பாடுகிற சனம்தான் தீர்மானிக்கும். “வாசிப்பு பிரமாதம் என்று யாராவது வந்து சொன்னால், அன்றைக்கு ஏதோ தப்பு செய்திருக்கிறோம்.”

தன்னை மறைத்துக்கொண்டு வாசிக்கும் இந்தப் பழக்கம் லேசில் போவதில்லை. புதுப்பாட்டு முடிந்த பிறகும் கீபோர்டுக்காரரின் விரல் கடைசிக் கார்டிலேயே நின்றது. ஆராதனையில் ஜெபம் தொடங்கும்வரை அந்த ஒலி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பாடகி அவர் மணிக்கட்டைத் தட்டிவிட்டார். அறையே சிரித்தது. சட்டென்று நிறுத்துவதைத்தான் இவர்கள் புதிதாகக் கற்கவேண்டியிருக்கிறது.

கற்கத் தேவையில்லாதது குரல் இசைவு. இரண்டாம் குரல் பிசகியபோது பாடகி கிதாரைத் தேடவில்லை. ‘மீ, ஃபா, ஸோ’ என்று பாடியே திருத்தினார். 19-ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் ஜான் கர்வன் பரப்பிய டானிக் சல்ஃபா முறை அது. நம் ‘ச’ போல அதன் ‘டோ’வையும் எந்தச் சுருதியிலும் வைத்துக்கொள்ளலாம். வேல்ஸ் மிஷனரிகளின் சபைகள் அதை இந்த மலைகளில் வேரூன்றச் செய்தன. மிசோ பாட்டுப்புத்தகமும் சல்ஃபா குறிப்போடு கிடைக்கிறது. சிறுவயதிலிருந்து நான்கு குரலில் பாடிய காதுகள் இவை. கோயிலை உதறிவிட்டுக் கலைஞனானான் என்ற கதை வெளியூர்ப் பத்திரிகைகளுக்குப் பிடிக்கும். இந்த அறையில் அது எடுபடாது.

இழுபறி இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அது ஆம்ப்ளிஃபயரைப் பற்றியது. சபை வாலிபர் சங்கத்தின் கருவிகளைக் காதல் பாட்டுக்கு எடுக்கலாமா என்று பேச்சு வந்ததும், ஐவரும் காசு போட்டுப் பழைய ஆம்ப் ஒன்றை வாங்கிவிட்டார்கள். அது இரைகிறது. கல்லூரி விழாவில் கிடைக்கும் பணம் வண்டி வாடகைக்கே சரியாய்ப்போகிறது.

இடையில் ட்ரம்மரின் அப்பா படியிறங்கி வந்தார். சபை மூப்பர், ஊரில் ‘உபா’ என்பார்கள். மிசோக்களின் ‘குவாங்’ மேளத்தையே ஆரம்பகாலச் சபை வெளியே நிறுத்திவைத்திருந்தது. 1919-இல் சபைகளில் பரவிய ‘எழுப்புதல்’ என்ற பக்தி எழுச்சிக்குப் பிறகுதான் அது உள்ளே வந்தது. அந்த மரபில் வந்தவர் என்ன சொல்லப்போகிறாரோ என்று பார்த்தேன். பாட்டு முழுவதும் நின்று கேட்டார். “வார்த்தை ஒன்றும் விளங்கவில்லை. கோயிலில் இப்படி அடிப்பாயா?”

எனக்கும் அந்தக் குறை நியாயமாகவே பட்டது. மகன் ஸ்னேர் மேல் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ண ஆரம்பித்தார்.