திரிந்த பால்

1974 தை. எனக்குத் தலைப்பொங்கல். சேலம் டவுனில் வளர்ந்த நான், பாப்பாரப்பட்டிப் பக்கம் வாழ வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கிருஷ்ணகிரியும் ஓசூரும் அன்று எங்கள் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தன. ராகிக் களியும் கம்மங்கூழும் அன்றாடச் சாப்பாடு. காபி என்பது நாள் கிழமைக்கு மட்டும்.

சீர் கொண்டு அப்பாவும் அண்ணனும் வரப்போகிறார்கள். ஏற்காட்டுக் காபிக் கொட்டையை வாங்கி வந்து, போகியன்றே இரும்புச் சட்டியில் வறுத்து அரைத்து வைத்திருந்தார் அத்தை, என் மாமியார். சர்க்கரை இல்லை, கடத்தூர்ப் பக்கத்துப் புது வெல்லம்தான். “நான் போடறேன் அத்தை” என்று முந்திக்கொண்டேன். பிறந்த வீட்டார் முன்னால் கெட்டிக்காரி என்று பெயர் வாங்க எனக்கு அவ்வளவு ஆசை.

என் சீதனமான பித்தளை ஃபில்டரில் பொடி போட்டு வெந்நீர் ஊற்றினேன். டிகாஷன் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கியது. பொறுக்காமல் தட்டிப் பார்த்தேன். தட்டினால் வண்டல்தான் இறங்கும் என்பது அப்போது தெரியாது. வாசலில் அப்பாவின் குரல் கேட்டதும் கை பதறி, கொதிக்கிற பாலிலேயே வெல்லத்தை உடைத்துப் போட்டுவிட்டேன். வெல்லத்தில் லேசான புளிப்பு உண்டு. கொதிக்கும் பால் அதைத் தாங்காது. கண்ணெதிரே இரண்டு படிப் பாலும் திரிந்தது. வீட்டில் இருந்த பால் மொத்தமும் அவ்வளவுதான்.

அத்தை எட்டிப் பார்த்தார். ஒரு சொல் சொல்லவில்லை. இறங்கியிருந்த டிகாஷனில் வெந்நீர் விட்டு, சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டு, வெல்லம் கலந்து திண்ணைக்கு எடுத்துப் போனார். “பொங்கலன்னிக்கு நம்ம வீட்ல வரக்காப்பிதான் சம்பந்தி, பொண்ணுகிட்ட நான்தான் போடச் சொன்னேன்” என்றார். அப்பா ரசித்துக் குடித்தார். திரிந்த பாலை அத்தை அடுப்பிலேயே வற்றவிட்டுக் கிளறி, மத்தியானம் திரட்டுப்பாலாக எல்லோர் இலையிலும் வைத்தார். அதற்கும் என் பெயரைத்தான் சொன்னார்.

இரவில் அடுப்படியில் மெதுவாகச் சொல்லிக் கொடுத்தார்: “வெல்லத்தைத் தனியாக் கரைச்சு, வடிகட்டி, ஆற வையி கண்ணு. பாலை அடுப்பைவிட்டு இறக்கி, டிகாஷன் ஊத்தி, கொஞ்சம் சூடு தணிஞ்ச பிறகு கடைசியா இதை ஊத்து. நீ அவசரப்பட்டா பால் அவசரப்படாது.”

இப்போது எங்கள் மாவட்டத்து வத்தல்மலையிலேயே காபி விளைகிறது. பண்டிகை தோறும் அந்தக் கொட்டையை வறுத்து, ஒரு நாள் ஆறவிட்டு அரைத்து, அத்தை சொன்ன முறையில்தான் காபி கலக்கிறேன். ஒருநாளும் பால் திரிந்ததில்லை. மருமகளுக்கும் பேத்திக்கும் அந்தப் பக்குவத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

ஆனால் அன்று அத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தது காபிப் பக்குவம் மட்டுமல்ல. தவறு செய்தவள் தலைகுனிய வேண்டிய இடத்தில், அவளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். சொல்ல வேண்டியதைச் சொல்லாமலும் விடவில்லை. ஆள் ஒழிந்த பிறகு சொன்னார். மருமகள் கையிலிருந்து ஏதாவது தவறி விழுந்தால் இன்றும் எனக்கு முதலில் வாய்தான் முந்துகிறது. அப்போதெல்லாம் அந்தத் திண்ணையை நினைத்துக்கொள்கிறேன். பாலின் சூடு தணியக் காத்திருக்கக் கற்றுக்கொண்டேன். என் சூடு தணியக் காத்திருப்பதை இன்னும் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன்.