சேப்பாக்கம் வெயிலும் ஒரு சலைன் பாட்டிலும்

சொந்த கிரவுண்டுன்னா ரசிகர் சத்தம்தான் பலம்னு நினைக்கிறோம். வெயிலையும் சேர்த்துக்கோங்க.

1986 செப்டம்பர், சேப்பாக்கம் டெஸ்ட். ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் வாந்தி எடுத்துக்கிட்டே, தசை பிடித்து இழுக்க இழுக்க 210 ரன் அடித்தார். அவுட்டானதும் ஆஸ்பத்திரி, சலைன். மேட்ச் டை!

வீரம்தான். ஆனா டாக்டரா யோசிச்சா வயித்தைக் கலக்குது. வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். பழகின உடம்பு சீக்கிரமே வியர்க்கும், வியர்வையில் உப்பைக் குறைவா விடும்.

மே மாசம் பரவைக்கு லீவுல வந்து கிரிக்கெட் ஆடுற பெங்களூரு தம்பிகளா, நீங்க ஊர்க்காரங்கதான். உங்க உடம்பு இப்போ வெளியூர் டீம். தலைசுத்தல், வாந்தின்னா பேட்டைக் கொடுத்துட்டு நிழலுக்கு வந்துடுங்க. கூட ஆடுறவன் உளற ஆரம்பிச்சா, உடம்பெல்லாம் தண்ணி ஊத்திக்கிட்டே 108-க்கு போன் பண்ணுங்க.