தங்கச்சி கல்யாண கேசட்டும் மூன்று கலர் ஒயரும்

ஆடி மாதக் கடைசியில் ஒரு நாள் அக்கா போன் செய்தாள். முட்டி வலி, சர்க்கரை, பேரன் படிப்பு எல்லாம் பேசி முடித்த பிறகு, "தம்பி, தங்கச்சி கல்யாண கேசட் உங்கிட்டதானே இருக்கு?" என்றாள். இருக்கிறது என்றேன்.

"அதுல அப்பா பேசுவாங்கல்ல?"

அப்பா தவறியது 1991-ல். வீட்டில் அப்போதே டேப் ரெக்கார்டர் இருந்தது. சினிமாப் பாட்டெல்லாம் பதிந்து வைத்தோம். அப்பா பேசுவதைப் பதிய வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. போட்டோ நிறைய உண்டு. ஆனால் அக்காவுக்குக் கண் பிரஷரில் பார்வை போய் இரண்டு வருடம் ஆகிறது. வெளிச்சமா இருட்டா என்பது மட்டும் தெரியும். போட்டோவை அவள் கையில் கொடுத்து என்ன பயன்?

தங்கச்சி கல்யாணம் 1988-ல் கும்பகோணத்தில் நடந்தது. வீடியோ எடுத்தோம். அந்தக் கேசட் பிளாஸ்டிக் பையில் சுற்றி பீரோவின் அடித்தட்டில் இருந்தது. பரணில் டெக்கும் இருந்தது. (இளைய வாசகர்கள் யாராவது தப்பித் தவறிப் படித்தால்: வி.சி.ஆரைத்தான் நாங்கள் டெக் என்போம். ராத்திரி முழுக்க மூன்று படம் பார்க்க டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுத்த காலம் ஒன்று இருந்தது.) இரண்டையும் இணைத்தால் முடிந்தது என்று நினைத்தேன். ஒன்பது நாள் ஆயிற்று.

முதலில் கேசட்டை வெளிச்சத்தில் பிடித்து, அதன் கண்ணாடி ஜன்னல் வழியே பார்த்தேன். நம் ஊர் ஈரத்துக்குக் கேசட்டில் பூஞ்சை பிடிக்கும். டேப் சுருளின் மேல் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தால் அதை டெக்கில் போடவே கூடாது. பூஞ்சை டெக்குக்குள் பரவி அடுத்துப் போடும் கேசட்டையும் கெடுக்கும். எங்கள் கேசட்டில் பூஞ்சை இல்லை, தூசிதான்.

அடுத்தது டெக். கரண்ட் கொடுத்ததும் விளக்கு எரிந்தது, ஆனால் கேசட்டை உள்ளே இழுக்கவில்லை. உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் பல வருடம் சும்மா கிடந்தால் இறுகிப் போகும், அல்லது தார் மாதிரி உருகி ஒட்டிக்கொள்ளும். பஸ் ஸ்டாண்ட் பக்கம் முன்பு டி.வி. ரிப்பேர் கடை வைத்திருந்த ஒருவர் இப்போது வீட்டிலேயே மிக்ஸி, பேன் பார்க்கிறார். அவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். பெல்ட் மாற்றிக் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னார்: "சார், முதல்ல வேண்டாத கேசட்டைப் போட்டுப் பாருங்க. கல்யாண கேசட்டைப் போட்டு டேப்பைத் தின்னுடுச்சுன்னா எங்கிட்ட வந்து அழக் கூடாது." பழைய சினிமா கேசட் ஒன்றை அவர் கடையிலேயே போட்டோம். அங்கிருந்த பழைய பெட்டி டி.வி.யில் படமும் சத்தமும் நன்றாகவே வந்தன.

சங்கடம் வீட்டில் ஆரம்பித்தது. டெக்கின் முதுகில் வெளியே போகும் துளைகள் இரண்டு. மஞ்சள் படத்துக்கு, வெள்ளை சத்தத்துக்கு. (ஸ்டீரியோ டெக் என்றால் சிவப்பும் இருக்கும், எங்களுடையது மோனோ.) டி.வி.யின் முதுகில் மஞ்சளும் இல்லை, வெள்ளையும் இல்லை. தட்டையான எச்.டி.எம்.ஐ. துளைகள் மூன்று இருந்தன. அவற்றைத் தவிர ஹெட்போன் துளை மாதிரி பொடியாக ஒன்று, பக்கத்தில் 'ஏ.வி. இன்' என்று எழுதியிருந்தது.

என் மகன் பெங்களூரிலிருந்தே ஒரு சின்ன டப்பாவை ஆர்டர் போட்டு அனுப்பினான். அதை வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்கப் போராடினேன். டி.வி.யில் 'சிக்னல் இல்லை' என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை. மறுநாள் காலையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டப்பாவின் மேல் எழுதியிருந்ததைப் படித்தேன். அது எச்.டி.எம்.ஐ.யை மூன்று கலர் ஒயராக மாற்றும் டப்பா. நமக்கு வேண்டியது மூன்று கலரை எச்.டி.எம்.ஐ.யாக மாற்றுவது. இரண்டும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும், விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று செய்யும் வேலையை இன்னொன்று செய்யாது. வாங்கும்போது எந்தப் பக்கம் 'இன்', எந்தப் பக்கம் 'அவுட்' என்று பார்த்து வாங்குங்கள். சரியான டப்பாவாக இருந்தாலும் அதற்கு யு.எஸ்.பி. வழியாகத் தனியே கரண்ட் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அது பாட்டுக்குச் சும்மா இருக்கும்.

டப்பாவைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டு, பொடித் துளைக்கே ஒயர் வாங்கலாம் என்று கடைவீதிக்குப் போனேன். ஒரு முனையில் மூன்று கறுப்பு வளையம் போட்ட பின், மறுமுனையில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு. (சாதாரண ஸ்டீரியோ ஹெட்போன் பின்னில் இரண்டு வளையம்தான் இருக்கும். அதைச் செருகினால் வேலை நடக்காது.) மாட்டினேன். டி.வி.யில் 'ஏ.வி.' தேர்ந்தெடுத்தேன். படம் இல்லை. ஸ்பீக்கரில் மட்டும் மாவு மெஷின் மாதிரி 'கொர்ர்ர்' என்று ஒரே இரைச்சல்.

அந்த இரைச்சலைக் கேட்டதும் எனக்குப் பாதி சந்தோஷம். டெலிபோன் துறையில் முப்பத்தைந்து வருடம் பழுது பார்த்தவன் நான். ஒன்றுமே வராததுதான் கஷ்டமான பழுது. இரைச்சல் வருகிறது என்றால் ஏதோ ஒன்று எங்கேயோ தப்பான இடத்துக்குப் போகிறது. அந்தப் பின்னில் நான்கு பட்டைகள் உண்டு. எந்தப் பட்டையில் படம், எதில் சத்தம், எதில் எர்த் என்பதில் எல்லா கம்பெனிகளும் ஒன்றுபோல் இல்லை. படம் போக வேண்டியது சத்தத்தின் வழியில் போனால் இப்படித்தான் உறுமும். மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்பதெல்லாம் நமக்குத்தான் நிறம், உள்ளே ஓடுவது ஒரே மாதிரிக் கம்பி. டெக்கின் மஞ்சள் துளையில் மஞ்சளுக்குப் பதில் சிவப்பு முனையைச் செருகினேன். படம் வந்துவிட்டது! எர்த் பட்டையே இடம் மாறியிருந்தால் இந்த வித்தை பலிக்காது, டி.வி.க்கு ஏற்ற ஒயர்தான் வாங்க வேண்டும்.

எதிர்வீட்டு நண்பர் டி.வி.யில் மஞ்சள் துளையே இருக்கவில்லை. பச்சை, நீலம், சிவப்பு மட்டும் இருந்தன. அவர் டி.வி.டி. பெட்டியின் மஞ்சளைப் பச்சையில் செருகிவிட்டு, படம் கறுப்பு வெள்ளையாக வருகிறது, பெட்டி போய்விட்டது என்று ஒரு மாதம் புலம்பிக்கொண்டிருந்தார். பல டி.வி.களில் அந்தப் பச்சைத் துளையே மஞ்சளுக்கும் சேர்த்து வேலை செய்யும். ஆனால் ரிமோட்டில் 'காம்பொனென்ட்' என்பதை விட்டு 'ஏ.வி.' என்று மாற்ற வேண்டும். மாற்றியதும் கலர் வந்தது. அமெரிக்காவிலிருந்து மகன் அனுப்பிய கேசட் உருண்டு உருண்டு ஓடினால் அதற்குக் காரணம் வேறு. அவர்களுடையது 525 கோட்டு என்.டி.எஸ்.சி., நம்முடையது 625 கோட்டு பால். அதைப் போட இரண்டும் தெரிந்த டெக் வேண்டும்.

எங்கள் கதைக்கு வருகிறேன். சினிமா கேசட் நன்றாக ஓடியது. எல்லோரும் இரண்டு சுற்றுப் பருமனாகத் தெரிந்தார்கள், டி.வி.யில் 4:3 என்று மாற்றியதும் இளைத்துவிட்டார்கள். தைரியம் வந்து கல்யாண கேசட்டைப் போட்டேன். முதலில் குறுக்கே வெள்ளைக் கோடுகள். டிராக்கிங் பொத்தானை மெல்லத் திருகினேன். கோடுகள் கீழே இறங்கி மறைந்தன. பட்டு வேட்டியுடன் அப்பா வாசலில் நின்று யாரையோ கை கூப்பி வரவேற்கிறார். வாய் அசைகிறது.

சத்தம் இல்லை.

என் மனைவி சமையலறையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "படம் நல்லாத்தானே வருது" என்றாள். படம் வந்து என்ன செய்ய? கேட்டது அக்கா.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. போன் டெட் என்று புகார் வந்தால் உடனே ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓட மாட்டோம். எக்ஸ்சேஞ்சில் எம்.டி.எஃப். சட்டத்தில் லைனைப் பிரித்து, பழுது உள்ளேயா வெளியேயா என்று முதலில் பார்ப்போம். பாதி உலகம் அதிலேயே கழிந்துவிடும். அதையே செய்தேன். அதே ஒயரை டெக்கிலிருந்து பிடுங்கி டி.வி.டி. பெட்டியில் மாட்டினேன். சத்தம் வந்தது. அப்படியானால் ஒயரும் டி.வி.யும் சரி. மறுபடி டெக்கில் மாட்டி, சற்று முன் நன்றாகப் பாடிய சினிமா கேசட்டைப் போட்டேன். இப்போது அதிலும் சத்தம் இல்லை! கல்யாண கேசட் தன் அழுக்கை டெக்கில் தேய்த்துவிட்டது என்று புரிந்தது.

படம் இருக்கும்போது சத்தம் மட்டும் எப்படிப் போகும் என்று கேட்பீர்கள். டெக்கில் படத்தைப் படிப்பது சுழலும் உருளை. சாதாரண மோனோ சத்தம் டேப்பின் மேல் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடாகத் தனியே பதிந்திருக்கும். அதைப் படிப்பது அசையாமல் நிற்கும் வேறொரு சின்னத் தலை. அந்தத் தலையில் அழுக்கு ஏறினால் சத்தம் மட்டும் போகும். பிளக்கைப் பிடுங்கி, மூடியைக் கழற்றி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் அந்தச் சின்னத் தலையைத் துடைத்தேன். பஞ்சு காப்பிப்பொடி நிறத்தில் வந்தது. சுழலும் உருளையைப் பஞ்சால் தொடாதீர்கள், நூல் மாட்டினால் அந்தத் தலை உடையும். காய விட்டு சினிமா கேசட்டைப் போட்டேன். சத்தம் வந்தது. கல்யாண கேசட்டைப் போட்டேன். அதிலும் வந்தது.

வந்தது சினிமாப் பாட்டு.

அப்பா வரவேற்கும்போது ஒரு பாட்டு, மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு பாட்டு, தாலி கட்டும்போது கெட்டி மேளத்தையும் மீறி ஒரு பாட்டு. அந்தக் காலத்தில் வீடியோக்காரர்கள் எல்லோரும் செய்ததுதான் இது. படத்தை அப்படியே விட்டுவிட்டு, சத்தக் கோட்டை அழித்து அதன் மேல் பாட்டை ஏற்றிக் கொடுப்பார்கள். 'மிக்ஸிங்' என்று பெயர். அழிந்தது அழிந்ததுதான், எந்த மெக்கானிக்காலும் திரும்ப எடுக்க முடியாது. அவரை மட்டும் குறை சொல்லி என்ன? "பாட்டெல்லாம் நல்ல பாட்டாப் போடுங்க" என்று கூடுதலாக ஐம்பது ரூபாய் கொடுத்தது நான்தான்.

அன்று ராத்திரி அக்காவுக்குப் போன் செய்யவில்லை. மறுநாள் கேசட் முழுவதையும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒரு பாட்டு முடிந்து இன்னொன்று தொடங்கும் இடங்களில் இரண்டு நொடி, மூன்று நொடி கல்யாண மண்டபத்தின் சொந்த இரைச்சல் எட்டிப் பார்த்தது. நாதஸ்வரம், குழந்தை அழுகை, யாரோ யாரையோ கூப்பிடுவது. பந்தி நடக்கும் இடத்தில் அந்த இடைவெளி சற்று நீளம். வீடியோக்காரர் அடுத்த பாட்டைத் தேடிக்கொண்டிருந்தாரோ என்னவோ, ஒன்பது நொடி. கேமரா இலைகள் மேல் போகிறது. அப்பா படத்தில் இல்லை. குரல் மட்டும் எங்கிருந்தோ வருகிறது:

"அந்தக் கடைசி இலைக்கு ரசம் போகலை பாருங்கப்பா... தம்பி, ரசம்..."

உடனே பாட்டு ஏறிவிடுகிறது.

டெக்கின் கவுண்டர் எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்தேன். டி.வி. ஸ்பீக்கர் முன் போனைப் பிடித்துப் பதிந்து பார்த்தேன், பேன் சத்தம்தான் அதிகம். அடுத்த ஞாயிறு அக்காவின் மகன் அவளைத் திருச்சியிலிருந்து காரில் அழைத்து வந்தான். டி.வி. சத்தம் அவளுக்குத் தகர டப்பாவில் பேசுகிற மாதிரி இருந்தது. மெலிந்த டி.வி.களில் ஸ்பீக்கர் பின்னாலோ கீழேயோ பார்த்துக்கொண்டிருக்கும், வேறென்ன ஆகும்? "படம் எதுக்குடா எனக்கு? அந்த ஒயரைப் பிடுங்கிட்டு ரேடியோப் பெட்டியில போட முடியாதா?" என்றாள்.

எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஒன்பது நாள் மஞ்சள் ஒயரோடு மல்லுக்கட்டியவன் நான். அவளுக்குத் தேவை வெள்ளை ஒயர் ஒன்றுதான். அதை முதல் நாளே பழைய ஸ்பீக்கர் பெட்டியின் ஆக்ஸ் துளையில் மாட்டியிருக்கலாம். மாட்டினேன். டி.வி.யை அணைத்தேன். கவுண்டர் எண்ணைப் பார்த்து நிறுத்தி, பிளேயை அழுத்தினேன்.

அக்கா ஸ்பீக்கர் பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். ஒன்பது நொடி முடிந்து பாட்டு வந்ததும் நிறுத்தினேன். அவள் ஒன்றும் பேசவில்லை. அவள் மகன் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தான்.

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: "அன்னிக்கு ரசம் தீந்து போச்சுடா. நான்தான் உள்ள நின்னு ரெண்டாவது தடவை வச்சுக்கிட்டிருந்தேன். அப்பாகிட்ட யாரும் சொல்லலை."

இன்னொரு தடவை போடச் சொன்னாள்.