கவிழ்த்துப் பார்க்க வேண்டிய நாற்காலி

பினாங்கிலும் சிங்கப்பூரிலும், பாட்டனார் காலத்து நாற்காலிக்கு வயதும் விலையும் சொல்ல வேண்டுமென்று என்னை அழைக்கும் சீனக் குடும்பத்தார், அநேகமாக அதன் முகப்பைத் துடைத்துப் பளபளப்பாக்கி வைத்துக் காத்திருக்கிறார்கள்; நானோ, அவர்களுடைய அநுமதி பெற்று, முதற்காரியமாக அதைக் கவிழ்த்து வைக்கிறேன்.

முகப்பின் சித்திரவேலையைப் பழைய மாதிரியைப் பார்த்து எக்காலத்துத் தச்சனும் செதுக்கிவிடலாம். யார் கண்ணிலும் படாத அடிப்புறத்தில் காலம் விட்டுச்சென்ற தடயங்களை உண்டாக்குவதுதான் பிரயாசை. ஆசனச் சட்டத்தில் வரிசையாகச் சிறு துளைகள் தென்பட்டால், இன்று பலகை பொருத்தியிருக்கும் அவ்வாசனம் முன்னொரு காலத்தில் பிரம்புப் பின்னலாக இருந்தது என்பது விளங்கும். முன்னங்கால்களை இணைக்கும் கீழ்ச்சட்டம், உட்கார்ந்தவர்களின் பாதம் பட்டுப் பட்டு, மேல்விளிம்பில் தேய்ந்து குழிந்திருக்கும். நல்ல வேலையில் மூட்டுகள் ஆணியின்றி நாக்கும் துளையுமாகக் கோக்கப்பட்டிருக்கும். மேசையாயின், சட்டத்தின் காடிக்குள் ஒட்டாமல் செருகிய நடுப்பலகை, ஈரத்தில் விரியவும் வறட்சியில் சுருங்கவும் இடம்பெற்று வெடிக்காமல் நிலைத்திருக்கும். அடிப்பலகையில் வட்ட ரம்பத்தின் வளைந்த கீறல்களைக் கண்டால், முகப்பு எவ்வளவு புராதனமாகத் தோன்றினும், அந்தப் பலகையேனும் பிற்காலத்தது என்று கொள்கிறேன்.

அடுத்த விசாரணை மரத்தைப் பற்றியது. மிங் வம்சத்தின் (1368–1644) பிற்பகுதியில் செல்வந்தர் விரும்பிய ஹுவாங்ஹுவாலி, ஹைனான் தீவில் விளைந்த மணமுள்ள மரம்; சிங் வம்சத்து (1644–1912) அரசவை போற்றிய ஜிதானோ, கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் வளரும் நம் செஞ்சந்தனம் என்றே பெரும்பாலும் கருதப்படுகிறது. வடசீனத்து வீடுகளில் மிகுதியாக வழங்கியது எல்ம் மரம். மரத்தின் ஜாதி விலையை எவ்வளவு தூரம் நிர்ணயிக்கிறது என்பதற்கு ஒரு திருஷ்டாந்தம்: ராபர்ட் எல்ஸ்வொர்த்தின் சேகரிப்பிலிருந்த ஹுவாங்ஹுவாலி நாற்காலிகள் நான்கு, 2015-இல் நியூயார்க் கிறிஸ்டிஸ் ஏலத்தில் 96 லட்சம் டாலருக்கு மேல் விலைபோயின. அதே வடிவில், அதே நேர்த்தியுடன், எல்ம் மரத்தில் அமைந்த நாற்காலி அதில் ஒரு சிறு பங்கையும் பெறாது. ஆகவே வயது ஒன்றே மதிப்பாகிவிடாது. மரம், வேலைப்பாடு, பிற்காலப் பழுதுகளின் அளவு, மேற்பரப்பின் நிலை ஆகிய யாவும் கூடியே விலை பிறக்கிறது.

இவற்றுள் உரிமையாளர் கையால் எளிதில் அழியக்கூடியது மேற்பரப்பே. பல தலைமுறைகளின் கைப்பழக்கத்தால் படிந்த நிறத்தை உப்புத்தாள் ஒரே நாளில் போக்கிவிடும். எந்த வார்னிஷும் அதை மீட்டுத் தராது. பிதிரார்ஜிதமாக இத்தகைய சாமான் கிடைக்கப் பெற்றவர்கள் அதை உலர்ந்த மெல்லிய துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொண்டு, அதை யார், எங்கே, எப்போது வாங்கினார் என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி, பழைய ரசீதும் புகைப்படமும் இருப்பின் அவற்றுடன் சேர்த்துப் பத்திரப்படுத்த வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.