காணா நட்பும் நாணயமும்

நேரிற் பழகுதல் நட்புக்கு இன்றியமையாததா என்னும் வினா தமிழருக்குப் புதியதன்று. பாண்டிநாட்டுப் பிசிர் என்னும் ஊரினரான ஆந்தையாரும் உறையூர்ச் சோழனாகிய கோப்பெருஞ்சோழனும் ஒருவரையொருவர் கண்டறியாமலே நண்பராயினர். தன் புதல்வரோடு மூண்ட பகையின் பின்னர் வடக்கிருந்து உயிர்துறக்கத் துணிந்த மன்னன், ஆந்தையாருக்கும் ஓரிடம் ஒதுக்குமாறு கூறினான். அவர் வருவாரோ என ஐயுற்றோர் வியக்குமாறு புலவரும் வந்து சேர்ந்தார். புறநானூறு காட்டும் இச்செய்தியையே திருக்குறளின் நட்பு அதிகாரத்துக்கு உரைகண்ட பரிமேலழகரும் எடுத்துக்காட்டாகக் கொண்டார். ஆயினும், அவ்வதிகாரத்தை அடுத்து நட்பாராய்தல் என்னும் அதிகாரம் வைக்கப்பட்டிருப்பதையும் உடன்வைத்து எண்ணுதல் வேண்டும். காணாமலே நட்புத் தோன்றலாம். தோன்றிய நட்பு எத்தகையது என்பதோ ஆராய்ந்தே அறியப்படவேண்டியதாகும்.

இவ்வாராய்ச்சி நடைபெறும் இடங்களுள் ஒன்றாக இன்று நாணயக் கண்காட்சி மண்டபத்தையும் குறிப்பிடலாம். பழைய நாணயங்களைச் சேர்ப்பது பெரும்பாலும் தனிமையான ஒரு பொழுதுபோக்கு. ஓர் ஊரிலே உதைபந்தாட்டத்தை விரும்புவோர் நூற்றுக்கணக்கில் இருப்பர். உரோமப் பேரரசின் வெள்ளிக்காசுகளையோ பிற்காலச் சோழரின் செப்புக்காசுகளையோ பற்றி ஒரு மணிநேரம் பேசக்கூடியவர் ஒருவரேனும் இருப்பது அரிது. ஆகவே சேகரிப்பாளர் தம் ஊரைத் தாண்டியே தோழரைத் தேடவேண்டியிருந்தது. முன்னர் அஞ்சல் வழியாக நடந்த இத்தேட்டம் இன்று இணையத்தின் வழியாக நடக்கின்றது. ஒருவர் ஒரு நாணயத்தின் படத்தைக் காட்டி ஐயம் கேட்க, கடல்கடந்த நாடொன்றிலிருந்து விடை வருகின்றது. விடை தந்தவர் புனைபெயரொன்றிலே மறைந்திருக்கின்றார்.

இத்தகைய அறிமுகம் மேலோட்டமானது என்று புறத்தே நிற்போர் கருதக்கூடும். மரியா தெரேசாவின் வெள்ளித் தாலரை எடுத்துக்கொண்டால் உண்மை விளங்கும். ஒஸ்திரிய அரசியான அவர் 1780 ஆம் ஆண்டிலே இறந்தார். அவ்வாண்டைப் பொறித்த நாணயமோ அவர் மறைந்து நெடுங்காலம் கழிந்த பின்னரும் வியன்னாவிலும், இருபதாம் நூற்றாண்டிலே உரோம், இலண்டன், பம்பாய் முதலிய நகரங்களிலும் அதே ஆண்டைத் தாங்கி அச்சிடப்பட்டது. குறித்த ஒரு காசு எங்கே, எப்போது பிறந்தது என்பதை அறிய அரசியின் மார்பணியிலுள்ள முத்துக்களையும், பின்புறத்துக் கழுகின் வாலிறகுகளையும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கவேண்டும். இம்முத்துக்களைப் பற்றி இருவர் பல ஆண்டுகளாக எழுதிக்கொள்வாராயின், ஒருவரது பொறுமை, பிடிவாதம், பிழையை ஒப்புக்கொள்ளும் பண்பு ஆகியவற்றை மற்றவர் நன்கு அறிந்துவிடுவார். அயல்வீட்டாருக்கே தெரியாத குணங்கள் அவை. அறியாதது முகம் ஒன்றுதான்.

எழுத்தால் அறிந்தவரை நாணயத்தோடு நேரிற் சந்தித்த நிகழ்ச்சிக்கு வரலாற்றிலே சிறந்த ஒரு சான்று உண்டு. இத்தாலியக் கவிஞரான பெத்ரார்க், 1351 ஆம் ஆண்டிலே நான்காம் சாள்ஸ் மன்னனுக்கு முதன்முறையாகக் கடிதம் எழுதினார். இத்தாலிக்கு வந்து உரோமின் பழம்பெருமையை மீட்கவேண்டும் என்பதே அவர் விடுத்த வேண்டுகோள். 1354 ஆம் ஆண்டின் இறுதியிலே மாந்துவா நகரில் இருவரும் சந்தித்தபோது, உரோமப் பேரரசர்களின் உருவம் பொறித்த பொன், வெள்ளி நாணயங்கள் சிலவற்றைப் பெத்ரார்க் அன்பளிப்பாகக் கொடுத்தார். அவற்றுள் அகஸ்தசின் நாணயமும் ஒன்று. இவர்களைப் பின்பற்றுவதே அரசர்க்கு அழகு என்று அவர் கூறவும் தயங்கவில்லை. புகழ்பெற்ற மாந்தரைப் பற்றித் தாம் எழுதிவந்த நூலைச் சாள்ஸ் கேட்டபோது, அதற்குத் தகுதியுடையவராகத் தம்மைச் செயலாற் காட்டினால் மட்டுமே அது அவருக்கு உரித்தாக்கப்படும் என்றார். மறுவருடம் உரோமிலே முடிசூடிய சாள்ஸ், இத்தாலியிலே தங்காது நாடு திரும்பினான். பெத்ரார்க் அவனைக் கடிந்து எழுதினார். ஆனால் உறவு முறியவில்லை. 1356 ஆம் ஆண்டிலே பிராக் நகருக்குத் தூது சென்ற கவிஞரை அதே அரசன் மதிப்போடு வரவேற்றான். எழுத்திலே சொன்ன உண்மையைப் பேரரசர் ஒருவரின் முகத்துக்கு நேரேயும் சொல்லக்கூடியதாயிருந்தமையே அவ்வுறவின் வலிமை எனலாம்.

எளிய மனிதரிடையிலும் இவ்வாறே நடந்தது. ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிக்கன் மாநிலத்தைச் சேர்ந்த மொன்றோ என்னும் சிற்றூரிலே மருத்துவராயிருந்த ஜோர்ஜ் ஹீத், 1888 ஆம் ஆண்டிலே நாணயச் சேகரிப்பாளருக்கெனச் சிறு இதழொன்றைத் தொடங்கினார். பெரு நகரங்களின் கழகங்களை எட்டமுடியாத நாட்டுப்புறச் சேகரிப்பாளர் அவ்விதழின் வாயிலாக ஒருவரையொருவர் அறிந்தனர். 1891 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்திலே சிக்காகோ நகரில் அவர்கள் கூடி அமெரிக்க நாணயவியற் கழகத்தை நிறுவினர். நேரில் வந்தவர் ஐவரே. ஏனையோர் தத்தம் ஊரிலிருந்தவாறே பதிலாள் மூலம் வாக்களித்தனர். கழகத்தின் தொடக்கமே காணாதார் கூட்டமாக அமைந்தமை கருதத்தக்கது. இன்று அக்கழகம் ஆண்டுதோறும் நடத்தும் பெருங்கண்காட்சி பலமுறை சிக்காகோவை அடுத்த ரோஸ்மொன்ற் நகரிலேயே இடம்பெற்றுள்ளது. ஐவர் கூடிய இடத்துக்கு அண்மையில் ஆயிரக்கணக்கானோர் கூடுகின்றனர்.

ஐரோப்பாவிலே இவ்வகைக் கூட்டங்களுட் பெரியது பேர்ளின் நகரில் ஆண்டின் தொடக்கத்திலே நடைபெறுவதாகும். 1972 ஆம் ஆண்டிலே சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் தோன்றிய இக்கண்காட்சி 2006 ஆம் ஆண்டிலிருந்து பேர்ளினிலே நிகழ்கின்றது. பல நாடுகளின் அரச நாணயச்சாலைகள் தத்தம் புதிய வெளியீடுகளைக் காட்சிக்கு வைக்கின்றன. வணிகர் கண்ணாடிப் பேழைகளோடு வரிசையாக அமர்கின்றனர். இவற்றையெல்லாம் பார்த்துமுடித்த பின்னரும் மண்டபத்தை விட்டகலாமல், வருவோர் மார்பிலுள்ள பெயரட்டைகளைக் கூர்ந்து நோக்கி நிற்போர் சிலர் உளர். அவர்கள் தேடுவது மனிதரை. அட்டையிலே அச்சிட்ட இயற்பெயரின் கீழே, புனைபெயரைப் பேனாவால் எழுதிக்கொண்டு வருவோரும் உண்டு. இன்றேல் பத்தாண்டு நண்பரையும் அடையாளம் காண்பது எங்ஙனம்?

கண்டவுடன் நிகழ்வது பெரும்பாலும் ஏமாற்றமே. சொற்செட்டும் அதிகாரத் தொனியும் கொண்டு எழுதியவர் கூச்சமுள்ள இளைஞராக இருப்பார். நகைச்சுவையோடு எழுதியவர் பேச்சிலே திக்குவார். எழுத்திலே ஒருவரது வயதும் தொழிலும் செல்வமும் நிறமும் மறைந்திருந்தன; மண்டபத்திலே அவை யாவும் ஒருங்கே வெளிப்படுகின்றன. நூறு பவுண் காசுக்குப் பணம் சேர்த்து வந்தவரும், அதே மேசையிலே பத்தாயிரம் பவுண் காசை வாங்குபவரும் அதுவரை தம்மைச் சமமானவராகவே எண்ணியிருந்தனர். அச்சமத்துவம் முதற் கைகுலுக்கலிலேயே ஆட்டம் காண்பதுண்டு. சிறிது நேரம் இருவருக்கும் பேச ஒன்றுமில்லை. பின்னர் ஒருவர் சட்டைப்பையிலிருந்து ஓர் உறையை எடுத்துத் திறக்கின்றார். நாணயம் மேசைமீதுள்ள மென்றுணிக்கு வருகின்றது. அதன் பின்னர் பேச்சுக்கு எத்தடையுமில்லை.

நாணயத்துக்கும் இது முதற் சந்திப்பே. படத்திலே காணப்பட்டது அதன் இரு முகங்கள் மாத்திரமே; ஓரமும் எடையும் படத்துக்குள் அடங்குவதில்லை. வார்த்தெடுத்த போலியொன்றின் ஓரத்திலே அச்சின் இரு பாதிகளும் பொருந்திய கோடோ, அதனை மறைக்க அராவிய தடமோ இருத்தல் கூடும். ஆந்தை பொறித்த ஏதென்சின் பெருவெள்ளிக்காசு ஏறத்தாழ 17 கிராம் எடையுடையது. அதனைப் பன்முறை கையிலேந்தியவருக்கு எடையிற் குறைந்த போலியின் இலேசு உடனே புலப்படும். பழகிய கை, நாணயத்தை ஓரங்களிலே மட்டும் பற்றி, விளக்கொளியிலே சாய்த்துப் பார்க்கின்றது. இருவரது கண்களும் ஒன்றையே நோக்குகின்றன.

இவ்விடத்திலேதான் உண்மையான சோதனை எழுகின்றது. நண்பர் பெருவிலை கொடுத்து வாங்கி, ஆண்டுக்கணக்காகப் போற்றி வைத்திருந்த நாணயம் போலி என்று தெரிந்தால் என்ன சொல்வது? எழுத்திலே இது எளிது. புனைபெயர் கொண்ட ஒருவர் புனைபெயர் கொண்ட மற்றொருவருக்கு மூன்று சொற்களில் எழுதிவிடலாம். சிலவேளை கொடுமையாகவும் எழுதிவிடலாம். நேரிலோ, எதிரே இருப்பவரின் முகம் வாடுவதைக் காணவேண்டியிருக்கும். முகத்தாட்சணியம் என்று தமிழிலே வழங்கும் சொல்லின் முழுப்பொருளும் இம்மேசையிலே விளங்கும். மண்டபங்களிலே சொல்லப்படும் பொய்களிற் பெரும்பாலானவை வஞ்சகத்தாற் பிறப்பவையல்ல, இரக்கத்தாற் பிறப்பவை.

நேரிற் காண்பது உண்மையை உறுதிசெய்துவிடும் என்ற நம்பிக்கையும் பொய்த்துப்போவதுண்டு. ஜேர்மனியிலே வாழ்ந்த கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் (1772-1830) பழங்கால நாணயங்களைப் போலியாக அச்சிட்டோருள் தலைசிறந்தவர். அவர் அரசவைப் பட்டம் பெற்றவர். கல்வியும் இன்சொல்லும் உடையவர். கவிஞர் கேதேயும் அவரை அறிந்து மதித்திருந்தார். புதிதாக அடித்த காசுகளை இரும்புத்தூளோடு பெட்டியிலிட்டு வண்டியிலே பூட்டி, பாதையின் குலுக்கலால் அவற்றுக்கு முதுமை ஏற்றினார் என்று கூறப்படுகின்றது. அவர் செதுக்கிய அச்சுக்கள் பேர்ளின் அரும்பொருளகத்தைச் சென்றடைந்தன. சேகரிப்பாளரை அவர் ஏமாற்றியது மறைந்திருந்தன்று. விருந்தினராய் அமர்ந்து, முகம் பார்த்துப் பேசியே ஏமாற்றினார். முகம் தரும் நம்பிக்கைக்கும் ஓர் எல்லையுண்டு என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

போலியா என்ற வினாவினும் கடினமானது பிறிதொன்றுண்டு: இஃது எங்கிருந்து வந்தது? யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளோடு தொடர்புபடுத்தப்படும் சேது நாணயம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. நந்தியின் உருவமும், தமிழெழுத்திலே சேது என்ற சொல்லும் பொறித்த அக்காசுகளைக் கொட்றிங்ரன் 1924 ஆம் ஆண்டிலே வெளியிட்ட இலங்கை நாணயங்கள் பற்றிய நூலிலே ஆராய்ந்துள்ளார். எழுத்தறியாத வேற்றுநாட்டார் ஒருவர் அதன் படத்தைக் காட்டிப் பொருள் கேட்பின், தமிழறிந்தவர் விடை கூறுதல் இனிய கடமை. ஆனால், அதே காசு மண்டபத்து மேசைக்கு வரும்போது வேறொரு கடமையும் உடன்வருகின்றது. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச்சட்டம் அனுமதியின்றித் தொல்பொருள்களை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்வதைத் தடைசெய்கின்றது. அதற்கு முன்னரே பழைய சேகரங்கள் பலவற்றோடு வெளியேறிய காசுகளும் உண்டு. அண்மையிலே இரகசியமாகத் தோண்டி எடுக்கப்பட்டவையும் இருத்தல் கூடும். மண்ணிலிருந்து பறிக்கப்பட்ட காசு, தான் கிடந்த இடத்தையும் உடன்கிடந்த மட்கலத்தையும் பற்றிய சாட்சியத்தை இழந்துவிடுகின்றது. வரலாற்று மாணவனுக்கு அவ்விழப்பு காசின் விலையினும் பெரிது. நண்பரிடம் இவ்வினாவை எழுப்புவது அவரது நேர்மையை ஐயுறுவதாகாதா? ஆகலாம். ஆயினும், கேளாதிருப்பது அவரை ஒரு வாடிக்கையாளராக மட்டும் கருதுவதாகும்.

இக்காரணங்களால், நேரிற் சந்திப்பதை விரும்பாத சேகரிப்பாளரும் உளர். எழுத்திலே வளர்ந்த மதிப்பை முகம் குலைத்துவிடும் என்று அவர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் காரணமற்றதன்று. எனினும், எழுத்திலே உண்மை பேசியவர் அதுவரை எதையும் இழக்கவில்லை. திரையை மூடிவிட்டால் எதிராளியின் துயரும் மூடப்பட்டுவிடும். எதிரே ஒரு முகம் இருக்க, அது வாடுமென அறிந்தும், சொல்லை மென்மையாக்கிப் பொருளை மாற்றாமற் சொல்பவரே நண்பராகின்றார். கேட்டவர் அன்றிரவு கசப்போடு பிரியலாம். அடுத்த திங்களில் வேறொரு காசைப் பற்றி ஐயம் கேட்டு அவரிடமிருந்தே மடல் வருமாயின், நட்பு ஆராயப்பட்டுத் தேறிவிட்டது எனலாம்.

நாணயம் என்ற சொல்லுக்குக் காசு என்றும் நேர்மை என்றும் இரு பொருள் தமிழிலே வழங்குகின்றன. சேகரிப்பாளர் பல்லாயிரம் மைல் கடந்து மண்டபத்துக்கு வருவது முதலாவதைக் காண்பதற்கு. அவர்களுட் சிலர் இரண்டாவதையும் கண்டு திரும்புகின்றனர்.